எரியக்கூடாத லைட்

இல்லண்ணே, அது இல்ல. அது டீ மெஷினோட லைட்டு. அந்தக் கண்ணாடிக் கதவுல பட்டு அப்படித் தெரியுது. நானும் காலையில ஏமாந்துட்டேன். நீங்க பாக்க வேண்டியது அதுக்கும் பின்னால. கண்ணாடி வழியா நேரா பாருங்க, நீளமா ஒரு வராந்தா போகுதா? கடைசியில வலது பக்கம் ஒரு கதவு. அதுக்கு மேல கம்பிக்கூண்டு போட்டு ஒரு பல்பு. ஆங், அதேதான். எரியலதானே? எரியல. சரி, சரி.

அய்யோ, நீங்க பாத்துக்கிட்டே இருக்கணும்னு ஒண்ணும் இல்லண்ணே. நீங்க பாட்டுக்கு உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடுது, இங்க வாங்க. அக்காவுக்குப் பித்தப்பைக் கல்லுன்னுதானே சொன்னீங்க? அது முதல் கதவு. அங்க லைட் எல்லாம் கிடையாது. இப்பல்லாம் சின்னச் சின்னதா ஓட்டை போட்டே எடுத்துடறாங்களாம். நாளைக்கே நடக்க விட்டுடுவாங்கன்னு நர்ஸ் சொன்னாங்களா? அப்ப சரிதான். நான் சொன்னேன்னு எடுத்துக்காதீங்க. நான் டாக்டர் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன், பின்னால என்னைத் திட்டக்கூடாது. நான் படிச்சது ஜியாகிரபி.

ஆமாண்ணே, ஜியாகிரபி. மலை, ஆறு, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, அதெல்லாம். சிரிங்க, பரவாயில்ல. எங்க வீட்டுல காலேஜ் வாசலைத் தாண்டினது நான் ஒருத்தன்தான். அதனால எல்லாத்துக்கும் நான்தான். பல்லு வலிச்சா என்னைக் கூப்பிடுவாங்க, ஃபேன் ஓடலன்னா என்னைக் கூப்பிடுவாங்க. அதோ, தூணுக்குப் பக்கத்துல பச்சை சால்வையை இழுத்துப் போத்திக்கிட்டு ஒருத்தங்க கண்ணு இமைக்காம உக்காந்திருக்காங்கல்ல, அவங்கதான் எங்க அத்தை. அப்பாவோட அக்கா. அவங்களுக்கு டிகிரின்னா டிகிரி, அதுல என்ன தனித்தனியா. என்னை டேய் படிச்சவனேன்னுதான் கூப்பிடுவாங்க. கோவம் வந்தா அதையே இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லுவாங்க. பக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கறது அம்மா.

உள்ள இருக்கறது அப்பாண்ணே.

வெல்டரு. கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படி, எல்லாம் பண்ணுவாரு. எங்க தெருவுல பாதி வீட்டுக் கேட்டு அவரு அடிச்சதுதான். எந்த வீட்டுக் கேட்டு எப்படி கிறீச்சுடும்னு எனக்கே தெரியும். நல்ல திடமான ஆளுதான். திடீர்னு சாப்பாடு இறங்கல, இடுப்புப் பட்டையில புதுசு புதுசா ஓட்டை போட்டுக்கிட்டே இருந்தாரு, கண்ணு மஞ்சளாச்சு. மஞ்சக்காமாலைன்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஸ்கேன் எடுத்துப் பாத்தா கணையத்துல கட்டி. ஆமா, அந்தக் கட்டிதான். அந்த வார்த்தையை அத்தை முன்னால சொல்லக்கூடாது. கட்டின்னு சொல்லலாம், அதுக்கு மேல சொல்லக்கூடாது.

கணையம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா கணையம்னு சொன்ன அன்னைக்கு எங்க வீட்ல அப்பா நெஞ்சைத் தடவிப் பாக்குறாரு, அத்தை இடுப்பைத் தடவிப் பாக்குறாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து என்னைப் பாக்குறாங்க. போய் உக்காந்து படிச்சேன். படிச்சுட்டு ஒரு பெரிய தாள்ல மேப் போட்டேன். வயித்தோட மேப்பு. எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை அதுதானேண்ணே. மேல கல்லீரல், அதை ஒட்டி இரைப்பை, இரைப்பைக்குப் பின்னால ஒளிஞ்ச மாதிரி கணையம், அதுக்கும் பின்னால பெரிய ரத்தக்குழாய், முதுகெலும்பு. கலர் பென்சில் எல்லாம் வச்சு அடிச்சேன். பழக்கதோஷத்துல மூலையில வடக்குன்னு ஒரு அம்புக்குறியும் போட்டுத் தொலைச்சுட்டேன். அப்பா தாளைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுக் கேட்டாரு, ஏன்டா, நான் புரண்டு படுத்தா வடக்கு மாறிடுமேன்னு.

அவரு அப்படித்தான். அவருக்கு எல்லாமே கிண்டல்.

என்னது, லைட்டா? அதைத்தாண்ணே சொல்ல வர்றேன். சும்மா வெட்டி எடுக்கறது மட்டும் இல்லையாம். அந்த இடம் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கறதால, எவ்வளவுதான் சுத்தமா எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கலாமாம். அதைக் கதிர்வீச்சு வச்சு சுடணுமாம். வெளியிலேர்ந்து குடுத்தா அது குடலைத் தாண்டித்தான் உள்ள போகணும், குடல் தாங்காது. அதனால என்ன பண்றாங்கன்னா, வயித்தைத் திறந்திருக்கறப்பவே, கட்டியை எடுத்ததும், குடலை எல்லாம் மெதுவா ஓரமா ஒதுக்கி வச்சுட்டு, ஒரு குழாயைக் கொண்டுபோய் நேரா அந்த இடத்து மேல வைப்பாங்க. அந்தக் குழாய் வழியா மெஷின்லேர்ந்து கதிர்வீச்சு. ரெண்டு மூணு நிமிஷம், அவ்வளவுதான். ஒரே தடவை. அப்புறம் குடலை அதது இடத்துல வச்சுத் தச்சுடுவாங்க.

டாக்டரம்மா இதை விளக்கி முடிச்சதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, ஓ, ஸ்பாட் வெல்டிங்கா? டாக்டரம்மா ஒரு நிமிஷம் முழிச்சுட்டு, கிட்டத்தட்ட அப்படித்தான்னு சிரிச்சாங்க. அன்னையிலேர்ந்து எங்க வீட்ல அதுக்குப் பேரு ஸ்பாட் வெல்டிங்தான். அம்மா கூட ஸ்பாட் வெல்டிங் என்னைக்காம்னுதான் கேப்பாங்க.

அது பாதுகாப்பான்னு கேக்குறீங்களா? அய்யோ அண்ணே. இந்த ஒரு கேள்வியிலதான் எங்க குடும்பமே ரெண்டாப் பிளந்து கிடக்குது.

அந்த டாக்டரம்மா ரொம்ப ஜாக்கிரதையான ஆளு. ஆமான்னும் சொல்ல மாட்டாங்க, இல்லன்னும் சொல்ல மாட்டாங்க. வேற இடத்துல எல்லாம் ரொம்ப நாளா பண்றாங்க, இங்க ஆரம்பிச்சுக் கொஞ்ச காலம்தான் ஆகுது, பண்ணினவங்களை எல்லாம் விடாம கவனிச்சுக்கிட்டு வர்றோம்னாங்க. அப்புறம் சொன்னாங்க, நான் அப்படியே மனப்பாடமா வச்சிருக்கேன், இதுவரைக்கும் பாத்ததுல கதிர்வீச்சால பெரிய சிக்கல்கள் அதிகமா வந்ததாத் தெரியலன்னு. நல்ல வார்த்தைதானே? நான் வெளிய வந்து அம்மாகிட்டச் சொன்னேன், பெரிய சிக்கல் அதிகமா வரலையாம்மா. அம்மா போன்ல அத்தைகிட்டச் சொன்னாங்க, சிக்கல் வரலையாம். சாயங்காலம் நான் தெருவுல இறங்கினா மூணாவது வீட்டுக்காரரு கையைப் பிடிச்சுக் குலுக்குறாரு, சிக்கலே வராதுன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாங்களாமேன்னு.

எனக்குப் பொறுக்கல. நான் இப்படித்தாண்ணே, சும்மா இருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து எல்லாரையும் உக்கார வச்சு, காணாமப் போன வார்த்தையை ஒவ்வொண்ணா திரும்ப உள்ள வச்சேன். பெரிய. அதிகமா. இதுவரைக்கும். அத்தை லேசுப்பட்ட ஆளா? அதிகமா வரலன்னா கொஞ்சம் வந்திருக்குன்னுதானடா அர்த்தம்னாங்க. ஆமா அத்தைன்னேன். பெரிய சிக்கல் இல்லன்னா, அப்ப சின்னச் சிக்கல் என்னன்னாங்க. அதையும் சொன்னேன். புண்ணு ஆற நேரமாகலாம், நரம்புல பட்டா முதுகு, காலு மரத்துப்போகலாம், குடல்ல புண்ணு வரலாம், வராமலும் இருக்கலாம். வராமலும் இருக்கலாம்னு நான் சொன்னது யாரு காதுலயும் விழல. அம்மா அடுப்படிக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அப்பாதான், ஏன்டா, நீ நல்ல சேதி கொண்டாந்தாலே இப்படி இருக்கேன்னாரு.

பொய் சொல்லியிருக்கலாம்னு சொல்றீங்களா? எனக்கு வராதுண்ணே. முழுப் பொய் வராது. அதாவது... இருங்க. அங்க யாரோ வர்றாங்க. அந்த வராந்தாவுல. டாக்டரம்மாவா பாருங்க. தொப்பி நீலமா, பச்சையா? டாக்டரம்மா நீலத் தொப்பிதான் போடுவாங்க. கண்ணாடி போட்டிருக்காங்களா?

ஓ. துணி மூட்டை தள்ளிக்கிட்டு வர்றவரா. அப்பாடா.

இல்லண்ணே, ஒண்ணுமில்ல. டாக்டரம்மா இவ்வளவு சீக்கிரம் வெளிய வரக்கூடாதுல்ல, அதான். பெரிய ஆபரேஷன், சாயங்காலம் வரைக்கும் ஆகும்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. சாயங்காலம் ஆகட்டும். நல்லா ஆகட்டும். நான் ஒண்ணும் அவசரப்படல.

எங்க விட்டேன்? ஆங், ரெண்டாப் பிளந்தது. இந்த மெஷின் ஓடறப்ப ஒரு வழக்கம் இருக்குண்ணே. அந்த ரூமுல யாரும் இருக்கக்கூடாது. டாக்டரம்மா, மயக்க மருந்து குடுக்கறவரு, நர்ஸு, எல்லாரும் வெளிய வந்துடணும். கதவைச் சாத்திடுவாங்க. உள்ள எங்க அப்பா மட்டும், திறந்த வயித்தோட. மூச்சு, நாடித்துடிப்பு எல்லாம் வெளிய டிவியில தெரியும், கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஏதாவது ஒண்ணுன்னா உடனே நிறுத்திட்டு உள்ள ஓடிடுவாங்க. ஆனா அந்த ரெண்டு மூணு நிமிஷம் அவரு தனியாத்தான். உள்ள ஓடுது, யாரும் வராதேன்னு சொல்றதுக்குத்தான் கதவு மேல அந்தச் சிவப்பு லைட்டு.

இதை டாக்டரம்மா சொல்லிக்கிட்டு இருக்கறப்ப அத்தையும் கூட இருந்தாங்க. பிடிச்சாங்க பாருங்க ஒரு பிடி. அவ்வளவு நல்லதுன்னா நீங்க ஏன் வெளிய ஓடறீங்க? நீங்க ஓடற இடத்துல என் தம்பி மட்டும் படுத்துக் கிடக்கணுமா? உங்க உசிரு உசிரு, அவன் உசிரு என்ன கத்தரிக்காயா? டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. உங்க தம்பிக்கு இது ஒரு தடவை, எங்களுக்கு வருஷம் முழுக்க, தினமும் கொஞ்சம் கொஞ்சமா பட்டா சேந்துக்கிட்டே போகும்மான்னு. நியாயமான பதில்தானே? எனக்கு நியாயமாப் பட்டுது. நான் தலையை வேற ஆட்டிட்டேன். அதை அத்தை பாத்துட்டாங்க. நீ யாரு பக்கம்டா படிச்சவனேன்னு வெளிய வந்ததும் ஒரு காய்ச்சு காய்ச்சுனாங்க.

அம்மா சண்டை எல்லாம் போடல. அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். எல்லாரும் வெளிய போறதுன்னா போங்க, நான் ஒரு ஓரமா நின்னுக்கறேன், எதையும் தொட மாட்டேன்னு. முடியாதும்மான்னாங்க டாக்டரம்மா. கேமரா பாத்துக்கும்னாங்க. கேமரா கையைப் பிடிச்சுக்குமான்னு அம்மா கேட்டாங்க.

அப்பா என்ன சொன்னாரா? அவரு வழக்கம்போலத்தான். நான் வெல்டிங் அடிக்கறப்ப சுத்தி நிக்கிறவனை எல்லாம் போடா போடான்னு விரட்டுவேன், பாத்தா கண்ணு போயிடும்னு. அப்பவும் நானும் இரும்பும் அங்கதான் இருப்போம். இங்க வெல்டரே வெளிய போயிடறாரு. மிச்சம் இரும்பு மட்டும்தான்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. வேற யாரும் சிரிக்கல. நான் மட்டும் கொஞ்சம்.

ஆனா பண்ணிக்கறேன்னு முடிவு பண்ணினது அவருதாண்ணே. நாங்க யாரும் இல்ல. அத்தை ஒரு மாசம் வந்து வந்து அழுதாங்க. வெட்டறது மட்டும் வெட்டிக்க, அந்த நெருப்பு வேணாம்னு. அப்பா கேக்கல. துருப்பிடிச்ச இடத்தை வெட்டி எடுத்துட்டு அப்படியே பெயிண்டை அடிச்சா, மறுபடியும் அந்த ஓரத்துலேர்ந்துதான் துரு ஆரம்பிக்கும், எனக்குத் தெரியும், காட்டறதுன்னா நெருப்பைக் காட்டிடட்டும்னாரு. அதுவும் சரியான உதாரணமான்னு எனக்குத் தெரியல. டாக்டரம்மாகிட்டக் கேக்கணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்.

அப்புறம் இந்த லைட்டு விஷயத்தை வீட்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது நான்தான். அதுக்கும் ஒரு படம் போட்டேன். வராந்தா, கடைசிக் கதவு, மேல பல்பு. எரிஞ்சா உள்ள கதிர்வீச்சு ஓடுதுன்னு அர்த்தம், எரியலன்னா ஓடலன்னு அர்த்தம். அவ்வளவுதான், சின்னக் குழந்தைக்குக் கூடப் புரியும். அத்தைக்கு நல்லாவே புரிஞ்சுடுச்சு. காலையில வந்து அந்தத் தூணுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடிச்சாங்க, எந்திரிக்கவே இல்ல. அங்கேர்ந்துதான் பல்பு நேரா தெரியுது. எரியக்கூடாது, எரியக்கூடாதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருக்காங்க. உதடு அசையுது பாருங்க. கடைசி நேரத்துல டாக்டர் மனசு மாறட்டும்னு வேண்டிக்கிட்டாங்க. அப்புறம் கரண்ட் போகட்டும்னு வேண்டிக்கிட்டாங்க. நான்தான், அய்யோ அத்தை, வயித்தைத் திறந்து வச்சிருக்கறப்ப கரண்ட் போனா என்ன ஆகறதுன்னேன். சரி, அந்த மெஷின் மட்டும் ரிப்பேர் ஆகட்டும்னு மாத்திக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு, பாத்தியா, இவ்வளவு நேரமாச்சு, இன்னும் எரியல, என் வேண்டுதல் பலிக்குதுன்னு சந்தோஷமாச் சொன்னாங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சரி, அதை விடுங்க.

டீ குடிக்கறீங்களா? எனக்கு வேணாம். காலையிலேர்ந்து தண்ணியே இறங்கல. நீங்க குடிங்க. அந்த மெஷின்ல ரெண்டாவது பட்டனை அமுக்காதீங்க, வெறும் வெந்நீர்தான் வருது.

காலையிலயா? ஆமா, நான் குதிச்சு எந்திரிச்சேன், நீங்க அப்பதான் உள்ள வந்தீங்க. கண்ணாடியில சிவப்பா தெரிஞ்சதும் அந்த லைட்டுதான்னு நினைச்சுட்டேன். அத்தையும் அதைப் பாத்துட்டுத்தான் ஐயோன்னாங்க. அப்புறம் டீ மெஷின்னு தெரிஞ்சதும் நான் தொப்புனு உக்காந்துட்டேன். ஏமாந்த மாதிரி இருந்துச்சா என் முகம்? பயத்துல அப்படி இருந்திருக்கும்ணே. பயம்னே வச்சுக்கங்க.

அப்பாவைத் தள்ளிக்கிட்டுப் போனப்ப நீங்க வரலைல்ல? அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும் எங்களை விட்டாங்க. அம்மா அவரு கையை விடவே இல்ல, நர்ஸுதான் மெதுவா விரலைப் பிரிச்சாங்க. அத்தை நெத்தியைத் தடவினாங்க. அப்பா எல்லாரையும் பாத்துச் சிரிச்சுட்டு, கடைசியில என்கிட்டச் சொன்னாரு, டேய், லைட்டைப் பாத்துக்கடான்னு. அவ்வளவுதான் சொன்னது. கதவு சாத்திடுச்சு. அதைக் கேட்டதுலேர்ந்துதான் அத்தை அந்த நாற்காலியைப் பிடிச்சது. பாவம், என் தம்பிக்கே எவ்வளவு பயம் பாருன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க.

உங்க பேரைக் கூப்பிடறாங்களா? இல்லையா? வேற யாரோ. உங்களை எப்ப வேணாலும் கூப்பிட்டுடுவாங்கண்ணே. முதல் கதவு சீக்கிரம்தான். எங்களுக்குத்தான் நேரம் ஆகணும். ஒவ்வொரு தடவை அந்த நர்ஸு வந்து பேரைச் சொல்றப்பவும் எங்க பேரா இருந்துடக்கூடாதேன்னு இருக்கு. மத்தவங்க எல்லாம் கூப்பிட மாட்டாங்களான்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் ஒருத்தன்தான் கூப்பிடாதே கூப்பிடாதேன்னு உக்காந்திருக்கேன். உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுன்னு சொல்லுவாங்கல்ல, நான் அதை எப்படிப் பிடிக்கறதுன்னு தெரியாம இந்தப் பையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். இதுல அவரோட மாத்துச் சட்டை, செருப்பு, அந்தக் கண்ணாடி. வெல்டிங் கண்ணாடி. எதுக்குடான்னா, எடுத்துட்டு வாடா, உள்ள போட்டுக்க விடறாங்களான்னு கேட்டுப் பாப்போம்னாரு. கேக்கவும் கேட்டாருண்ணே. நர்ஸு சிரிச்சுட்டு என்கிட்டக் குடுத்துட்டாங்க.

அந்த ஒளி கண்ணுக்கே தெரியாதாமே. அதுதான் அவருக்கு ஒரு குறை. இத்தனை வருஷம் நெருப்பு கூடவே இருந்தேன், என் உடம்புல அடிக்கறப்ப ஒரு பொறி கூடப் பாக்க முடியாதான்னு...

அண்ணே.

அண்ணே, அங்க பாருங்க. நான் பாக்கறது சரியா? டீ மெஷினா அது? நீங்க கொஞ்சம் எந்திரிச்சு, அந்த டீ மெஷின் லைட்டைக் கையை வச்சு மறைங்களேன். ப்ளீஸ்ண்ணே. நல்லா மூடுங்க. மூடிட்டீங்களா? ரெண்டு கையையும் வைங்க.

எரியுது.

இன்னும் எரியுது. நீங்க கையை எடுக்காதீங்க. எரியுதுண்ணே. கம்பிக்கூண்டு தெரியுது, உள்ள பல்பு. அதேதான். அதேதான்.

ஆமா, அது எங்க அத்தை குரல்தான். சத்தம் போடத்தான் செய்வாங்க. போடட்டும். எரிஞ்சிடுச்சே, என் தம்பியைத் தனியா விட்டுட்டு எல்லாரும் ஓடிட்டாங்களேன்னு. சரியாத்தான் சொல்றாங்க, எல்லாரும் வெளியதான் வர்றாங்க. அதோ பாருங்க, நீலத் தொப்பி, அதுதான் டாக்டரம்மா. கையை ரெண்டையும் மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, எது மேலயும் படாம நிக்கிறாங்க பாருங்க. எங்க அப்பா பட்டறைக்கு வெளிய ஆளுங்க இப்படித்தாண்ணே நிப்பாங்க, உள்ள அடிச்சு முடிக்கற வரைக்கும். உள்ள இப்ப இரும்பு மட்டும்தான்.

நானா? நான் சிரிக்கறேனா? அப்படியா தெரியுது? அய்யய்யோ. அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து மறைச்சு நில்லுங்க. அத்தை பாத்தாங்கன்னா கொன்னே போட்டுடுவாங்க. இல்ல, எனக்குப் பைத்தியம் எல்லாம் இல்ல. அப்படிப் பாக்காதீங்க.

ஒண்ணுமில்லண்ணே. டாக்டரம்மா சொன்னதுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் வீட்ல சொல்லல. முந்தாநாள் அப்பாவையும் என்னையும் மட்டும் உக்கார வச்சுச் சொன்னாங்க. ஸ்கேன்ல எல்லாமே தெரியாதாம். வயித்தைத் திறந்து பாக்கறப்ப, கல்லீரல் மேலயோ வேற எங்கயோ பொடிப்பொடியாப் பரவியிருந்துச்சுன்னா, கட்டியை எடுக்க மாட்டாங்களாம். எடுத்தும் பிரயோஜனம் இல்லையாம். மெஷினையும் போட மாட்டாங்களாம். அப்படியே மூடித் தச்சுட்டு வெளிய வந்து சொல்லிடுவாங்களாம். அவரு வயசுல, அவரு இருக்கற நிலைமையில, ரெண்டுல எதுவும் நடக்கலாம்னாங்க. பரவல, சுத்தமா எடுத்தாச்சுன்னாதான் அடுத்தது அந்த மெஷின். எடுத்தாதான் லைட்டு.

வெளிய வந்ததும் அப்பா, இதை வீட்ல சொல்லாதேன்னாரு. இவங்க லைட்டு எரிஞ்சா எரிஞ்சுடுச்சேன்னு பயந்துட்டுப் போகட்டும்டா, எரியலயேன்னு பயப்படறது ரொம்பக் கஷ்டம், அதை நீ ஒருத்தன் பாத்துக்கன்னாரு. அதான் காலையில சொன்னாரு, லைட்டைப் பாத்துக்கடான்னு.

இப்ப புரியுதா, எங்க அத்தை காலையிலேர்ந்து விடாம என்ன வேண்டிக்கிட்டு இருந்தாங்கன்னு? ஒரே குடும்பத்துலேர்ந்து ஒரே சாமிகிட்ட ரெண்டு மனு போயிருக்குண்ணே. அவங்க வேண்டினா பலிக்கும்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. எனக்கு வேண்டிப் பழக்கமே இல்ல.

இல்ல, பிழைச்சுட்டாருன்னு சொல்ல முடியாது. அப்படிச் சொல்லக்கூடாது. இனிமேதான் எல்லாமே. புண்ணு ஆறணும், காலு மரத்துப்போகாம இருக்கணும், மருந்து ஏத்தணும், அது திரும்ப வராம இருக்கணும். இதுவரைக்கும் பெரிய சிக்கல் அதிகமா வரலன்னுதான் சொல்லியிருக்காங்க. சொன்னேனே, வார்த்தையை விட்டுடக்கூடாது. ஆனா திறந்து பாத்துட்டு அப்படியே மூடல. அதை மட்டும் சொல்லலாம்ல? அது பொய் இல்லையே?

நீங்க கையை எடுத்துடலாம்ணே, டீ மெஷின் சூடா இருக்கும். ரொம்ப நன்றி.

அம்மாவைப் பாருங்க. கண்ணாடிக் கதவுகிட்டப் போயிட்டாங்க. உள்ளங்கையை விரிச்சுக் கண்ணாடி மேல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

சொல்லணும்தான். லைட்டு அணைஞ்சதும் சொல்லிடறேன். அதுவரைக்கும் அப்பா பேச்சைக் காப்பாத்திடறேன். இதோ அத்தை கூப்பிடறாங்க, நான் மட்டும் அழலயாம், கல்லு மாதிரி உக்காந்திருக்கேனாம். டேய் படிச்சவனேன்னு இழுக்குறாங்க, கேக்குதா? இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே, கண்ணாடி இருக்கு, கவனம். நான் போய் அவங்க பக்கத்துல உக்காந்து கொஞ்சம் அழுதுட்டு வந்துடறேன். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. காலையிலேர்ந்து தயாராத்தான் வச்சிருக்கேன்.